பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்பாதே

ராசா,

இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, வரிக்கு ஒருதரம் மூச்சு வாங்கித்தான் வாசிப்பாய் என்று தெரியும். எனக்கும் அதுதான் வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் லிஃப்டில் நின்றபடியே வாசித்துவிட்டு, 'ஓகே அம்மா' என்று ஒரு பெருவிரல் படத்தையும் அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். பெற்றவள் ஊருக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போகிற கதைக்கு லிஃப்ட் நேரம் காணாது. கதிரையில் இருந்து வாசி. பக்கத்தில் ஒரு தேத்தண்ணியும் வைத்துக்கொள்.

இந்த மாதம் முடிய என் விசா கேன்சல். கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இத்தனை காலம் இருந்தவளுக்கு, கூட வேலை செய்த பிள்ளைகள் கேக் வெட்டி, ஒரு கைப்பையும் தந்து வழியனுப்பிவிட்டார்கள். அப்பா போன வருடமே யாழ்ப்பாணம் போய், இன்றைக்குக் கிணறு இறைத்தேன், நாளைக்கு ஓடு மாற்றுகிறேன் என்று ஃபோனில் ஒவ்வொரு நாளும் வானொலிச் செய்தி வாசிக்கிறார். இனி நானும் போய்க் கேட்க வேண்டியதுதான். இந்த நாட்டில் வேலை இருக்கும்வரை விசா, விசா இருக்கும்வரை வீடு. நீ ஷார்ஜாவில் பிறந்தவன், உனக்கும் அதே சட்டம்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, தெரிந்துதானே வந்தோம். என் கவலை வேறு. உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்லாமலே விமானம் ஏறிவிடுவேனோ என்பதுதான். எங்கள் ஆட்கள் பிள்ளையை நேரே நின்று புகழ மாட்டார்கள், நாவூறு பட்டுவிடும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தாலும் 'கணக்கில ஏன் ரெண்டு மார்க்ஸ் போனது?' என்றுதான் கேட்போம். ஆனபடியால் கடிதத்தில் புகழ்கிறேன். வாசித்து முடிந்ததும் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடு. புகை அலாரம் அடித்தால் வாட்ச்மேனுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், என்னைக் கூப்பிடாதே.

நீ படித்து முடித்து ஒரு கட்டுமானக் கம்பெனியில் மந்தூப் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சுருக் என்றிருந்தது உண்மை. கம்பெனிக்காரரின் கடவுச்சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, அரசாங்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, விசா அடிப்பிக்கிற வேலை. கனடாவில் இருந்து சித்தி கேட்டாள், 'தம்பி இப்ப என்ன செய்யுறார்?' நான் சொன்னேன், 'அரசாங்கத்தோட தொடர்பான அலுவல் பார்க்கிறார்.' பொய் இல்லைத்தானே. நீ பக்கத்தில் இருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. 'அம்மா, வடிவா சொன்னீங்க, நான் என்னவோ தூதுவர் மாதிரி.' ராசா, அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீ செய்கிற அலுவல் என்னவென்று எனக்கு விளங்கியது பிந்தித்தான். விளங்க வைத்தவள் எதிர் வீட்டு ஆம்னா.

அவள் வந்த கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்; ஒரு நாள் உன் பிள்ளைகள் இதை வாசிக்கலாம். சூடானில் இருந்து, தமையனைப் பார்க்க, மகள் ரீமையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு விசிட் விசாவில் வந்தவள். வந்து பெட்டி திறந்து சாமான் எடுத்து முடியுமுன் அவளுடைய நகரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. விமான நிலையம் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூட ஆசிரியரான புருசன் அங்கே, இவள் இங்கே. விசிட் விசா முடிந்தது. தமையனின் சம்பளத்துக்குத் தங்கையை ஸ்பான்சர் செய்ய முடியாது. விசா இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். காலையில் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் எல்லாம் பஸ் ஏறும்போது ரீம் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருநாள் அவர்கள் கதவைத் தட்டினாய். போர் நடக்கிற நாட்டுக்காரருக்கு இங்கே ஒரு வருடம் தங்க அனுமதி தருகிறார்கள், பிறகு நிலைமையைப் பார்த்துப் புதுப்பிக்கலாம், விண்ணப்பித்துப் பார்ப்போம் என்றாய். கம்பெனி வேலை முடிந்து வந்து, ஷூவைக் கூடக் கழற்றாமல் அவர்கள் வீட்டு வாசலில் இருந்து எல்லாவற்றையும் அடுக்கினாய். நேரே வரச் சொல்லி அழைப்பும் வந்தது.

அழைப்புக்கு முதல் நாள் பின்னேரம், நீ வேலையில் இருந்தபோது, ஆம்னா இஞ்சி போட்ட கோப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிளினிக்கில் நான் பொறுக்கிய அரபியும் அவளுக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசுமாகக் கதைத்தோம். 'சகோதரி, அதிகாரி கேட்டால் நான் என்ன சொல்ல?' என்றாள். இதைக் கேட்க அவளுக்குக் கிடைத்த ஆள் நான்! நான் உடனே நிமிர்ந்து இருந்து பாடம் எடுத்தேன். சிரி. சண்டை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. ஆமியின் பெயர், அடிக்கிற ஆட்களின் பெயர், எதுவும் வேண்டாம். அழாதே. என்ன கேட்டாலும் 'மாஃபி முஷ்கிலா' என்று சொல், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல். பிள்ளைக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது, படிக்க விருப்பம், அவ்வளவுதான். அவள் பாவம், பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் போன பிறகு, நல்ல புத்தி சொல்லி அனுப்பினேன் என்ற திருப்தியில் நான் பருப்புக் காய்ச்சினேன்.

அதை நீ பிழை சொல்ல முடியாது. நான் வளர்ந்த இடத்தில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றியைத் தாண்டாமல் ரியூஷனுக்கும் போக முடியாது, சந்தைக்கும் போக முடியாது. துவக்கோடு நிற்கிறவன் 'எந்த ஊர், ஊரில என்ன பிரச்சினை?' என்று கேட்டால், 'பிரச்சினை ஒண்டும் இல்லை, சேர்' என்று சொல்லப் பழகித்தான் நாங்கள் பெரியவர்கள் ஆனோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் காலத்தில் வாயை மூடின பிள்ளைதான் பிழைத்தது. ஆபத்தை மறைத்து உயிர் தப்பினவளுக்கு, ஆபத்தை எடுத்துக் காட்டினால்தான் ஒரு கதவு திறக்கும் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் நீ லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போனாய். துணைக்கு நானும் வந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். கறுப்பு அபாயா, சிரித்த முகம். எடுத்த எடுப்பில் ஆம்னாவிடம் சுகம் விசாரித்தது. எப்படி இருக்கிறீர்கள்? அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள்? அல்ஹம்துலில்லாஹ். ஊரில் எல்லோரும்? அல்ஹம்துலில்லாஹ், தமாம். புருசன்? நல்ல சுகம், இறைவனுக்கு நன்றி. சூடான் ஆட்கள் சுகம் விசாரிக்கத் தொடங்கினால் கிளினிக்கில் வரிசை வாசலுக்குப் போய்விடும் என்று உனக்கு நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒவ்வொரு நன்றியும் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளை கேட்டது, 'அப்ப நாட்டுக்குத் திரும்பிப் போறதில என்ன பிரச்சினை?' ஆம்னா ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான், ஐயோ ராசா, நான் கண்ணைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், 'மாஃபி முஷ்கிலா.'

அந்தப் பிள்ளையின் விரல் நின்றுவிட்டது. 'பிரச்சினை இல்லாட்டி சந்தோசம்தானே, அம்மா. இது பிரச்சினை இருக்கிற ஆக்களுக்கு' என்று மெல்லச் சொல்லி, கடவுச்சீட்டைத் திருப்பித் தரக் கையை நீட்டியது. அதில் ஒரு கோபமும் இல்லை. பிழை அந்தப் பிள்ளையில் இல்லை. நீ என் பக்கம் திரும்பினாய்.

'அம்மா, நீங்களோ சொல்லிக் குடுத்தனீங்கள்?'

நான் என் செருப்பைப் பார்த்தேன். நீ அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருக்கும் தெரியுமா? நானாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன், இல்லாவிட்டால் அவளுக்குப் பதிலாக நானே எல்லாவற்றையும் ஒப்புவித்திருப்பேன். நீ அந்தப் பிள்ளையிடம், 'சகோதரி, கொஞ்சம் பொறுங்கோ, நான் இவவிட்ட ஒரு சில விசயம் கேக்கலாமோ?' என்று மரியாதையாக அனுமதி கேட்டாய். ஒரு கதிரையை இழுத்து ஆம்னாவுக்கு முன்னால் போட்டு இருந்தாய். கட்டிடத்துக்குக் கீழே சூடான் பொடியன்களோடு பந்தடித்துப் பழகிய அரபியில் கேட்டாய். எனக்குப் பாதி விளங்கியது, மீதியைப் பிறகு உன்னிடம் கேட்டு நிரப்பிக்கொண்டேன்.

'உம்மு ரீம், உங்கட வீட்டு வாசல் கதவு என்ன நிறம்?'

ரீமின் தாய் அப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. 'பச்சை' என்றாள்.

'அந்தக் கதவு இப்ப எங்க?'

'கதவு இல்லை. கழட்டி அடுப்பெரிச்சிட்டாங்களாம்.'

'உள்ளுக்க ஆர் இருக்கினம்?'

'துவக்குக்காரர். ஆரெண்டு தெரியாது. என்ர கட்டில்ல படுக்கிறாங்கள்.'

'ரீமின்ர அப்பா எங்க படுக்கிறவர்?'

'ஒரு பள்ளிக்கூடத்தில. அவர் படிப்பிச்ச பள்ளிக்கூடம் இல்லை. வேற ஊர். நிலத்தில, நிறையச் சனத்தோட.'

'கடைசியா அவரோட எப்ப கதைச்சனீங்கள்?'

'நோன்புக்கு முதல்.' அதைச் சொன்ன பிறகுதான் அவள் சிரிப்பு இறங்கியது. ஆனால் அவள் அழவில்லை. நீ கேட்கக் கேட்க, கதவில் தொடங்கி, கிணற்றடி, தெருமுனை, பக்கத்து வீட்டுக் கிழவர் என்று எல்லாம் தானாக வந்தது. அதிகாரிப் பிள்ளை கையை நீட்டிக் கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 'இதையெல்லாம் ஏன் அம்மா முதலே சொல்லேல்லை?' என்றது. ஆம்னா சொன்னாள், 'நீங்கள் சுகமோ எண்டு கேட்டீங்கள், மகள். சுகம் கேட்டால் இறைவனுக்கு நன்றி சொல்லாமல் வேற என்ன சொல்லுறது?' அந்தப் பிள்ளை குனிந்துகொண்டு தட்டத் தொடங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் தட்டியது.

திரும்பி வரும்போது நான் காரில் ஆம்னாவோடு பின்சீட்டில் இருந்தேன். நீ திட்டப் போகிறாய் என்று காத்திருந்தேன். ரோலா பக்கம் சிக்னலில் நிற்கும்போது நீ கண்ணாடியில் பார்த்துக் கேட்டாய், 'அம்மா, சவர்மா வேணுமோ?' அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

அனுமதி வந்த நாளை நீ நேரில் பார்க்கவில்லை, வேலையில் இருந்தாய். அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம். நான் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிர் வீட்டில் இருந்து ஒரு குலவைச் சத்தம், கட்டிடமே கிடுகிடுத்தது. மூன்றாம் மாடி மலையாளிச் சேச்சி 'எந்தா, எந்து பற்றி?' என்று ஓடி வந்தாள். வாட்ச்மேன் பாய் 'க்யா ஹுவா' என்று படியேறி வந்தான். ஆம்னா ஃபோனை நீட்டிக்கொண்டு நடையில் நின்று குலவை போட்டாள், நான் மீன் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தேன். சேலை மாதிரி அவள் சுற்றியிருந்த நல்ல 'தோப்' துணியில் முழுக்கச் செதில். பின்னேரம் நீ வந்ததும் நான் பழக்க தோசத்தில் முணுமுணுத்தேன், 'ஒரு வருசம்தானே தந்திருக்கினம்.' நீ ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய், 'அம்மா, ஒரு வருசம் எண்டால் ரீமுக்கு ஒரு வகுப்பு.' நான் குசினிக்குள் போய்விட்டேன். முகத்தை உனக்குக் காட்ட விருப்பமில்லை. இதோ இப்போது சொல்கிறேன், ராசா: அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. கனடாச் சித்திக்கு ஃபோன் எடுத்து, 'என்ர மகன் மந்தூப்' என்று சொன்னேன். 'அப்பிடியெண்டால் என்ன?' என்றாள். ஃபோன் சார்ஜ் முடியும்வரை விளக்கினேன்.

அந்தக் கேள்வி கேட்கும் வித்தையை எங்கே படித்தாய் என்று நான் பல நாள் யோசித்தேன். பிறகு ஒருநாள் உடுப்பு மடிக்கும்போது பிடிபட்டது. என்னிடம்தான் படித்தாய்! சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்து, 'அம்மா, உங்கட ஊரில சண்டையாமே, உங்களுக்கு என்ன நடந்தது?' என்றாய். 'ஒண்டும் நடக்கேல்லை, போய்ப் படி' என்றேன். நீ விடவில்லை. அடுத்த நாள் வேறு மாதிரி வந்தாய். 'ஊரை விட்டு நடந்த அண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?' 'பாண்' என்றேன். 'எங்க படுத்தனீங்கள்?' 'கோயில் மடத்தில.' 'தலைக்கு என்ன வச்சனீங்கள்?' 'ரியூஷன் புத்தகப் பை.' இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, சின்னச் சின்னக் கேள்வியாக, பூட்டியிருந்த தாயை நீ திறந்தாய். உனக்கே அது தெரியாது. பெரிய கேள்விக்குப் பொய் சொல்கிறவர்களும் சின்னக் கேள்விக்கு உண்மை சொல்வார்கள் என்று உனக்கு விளங்கியிருக்கிறது. அதை மறந்துவிடாதே. நாளைக்குக் கட்டிக்கொள்கிற பெண்ணிடமும் அப்படித்தான் கேள். 'ஓகேயா?' என்று கேட்டால் ஓகே என்றுதான் சொல்வாள். இன்றைக்கு யாரோடு மத்தியானம் சாப்பிட்டாய் என்று கேள்.

என்னையும் அப்படித்தான் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் எடுத்து 'சுகமோ அம்மா?' என்றால், நான் பழகின வாய், 'ஒரு பிரச்சினையும் இல்லை, தம்பி' என்றுதான் சொல்லும். நம்பாதே. கிணற்றில் இன்றைக்கு யார் தண்ணீர் அள்ளினது என்று கேள். அப்பா என்றால் என் முழங்கால் நோகிறது என்று அர்த்தம்.

சின்ன வயதில் நீ கேட்டதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. சுவரில் படமாக இருக்கிற உன் மாமாவைக் காட்டி, 'மாமாவிட்ட அவங்கள் என்ன கேட்டவங்கள்?' என்றாய். நான் உன் கையில் காசைத் திணித்து, கீழே போய் குப்பூஸ் ரொட்டி வாங்கி வா என்று அனுப்பினேன். நீ வாங்கி வந்தாய். திரும்பக் கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். நானும் என் தம்பியான உன் மாமாவும் ஆளுக்கொரு சைக்கிளில் ரியூஷனுக்குப் போனோம். சென்றியில் மறித்தார்கள். 'எந்த ஊர், அங்க என்ன பிரச்சினை?' என்று முதலில் என்னிடம் கேட்டார்கள். நான் வேறொரு ஊரின் பெயரைச் சொல்லி, பிரச்சினை ஒன்றும் இல்லை, சேர் என்றேன். போகச் சொன்னார்கள். அதே கேள்வியை அவனிடம் கேட்டார்கள். அவனுக்குப் பொய் வராது. எங்கள் ஊரின் பெயரைச் சொன்னான். இரவு ஷெல் விழுந்தது, பக்கத்து வீட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள் என்று சொன்னான். கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்தது. 'நீ போ, இவர் பிறகு வருவார்' என்றார்கள். நான் இரண்டு சைக்கிளையும் இரண்டு கையில் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவன் வரவில்லை.

அன்றிலிருந்து, உண்மையைச் சொன்னவர்கள் வீடு திரும்புவதில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைத்தான் ஆம்னாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நீ அவளுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாய். அவள் உண்மை முழுவதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, காரில் எனக்குப் பக்கத்தில் இருந்து, ரீமுக்கு மாம்பழ ஜூஸ் வாங்க வேண்டும் என்று கதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதை என் கண்ணால் காண வைத்தவன் நீ.

அம்மா